கோவிந்தப்பன் நலம் விசாரித்தால்

கோவிந்தப்பனுக்கு நல்ல சீட்டு வந்தால் அவன் நல்லவனாகிவிடுவான். அதுதான் அவனைப் பிடித்த சனியன். மற்றவர்கள் நல்ல சீட்டு வந்தால் மீசையைத் தடவுவார்கள், உதட்டைக் கடிப்பார்கள், அதிகம் போனால் ஒரு இருமல் இருமுவார்கள். இவனோ எதிரில் இருப்பவனின் குடும்பத்தை விசாரிப்பான். "அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?" என்பான். "பையனுக்குப் பள்ளிக்கூடத்துல எடம் கெடச்சிருச்சா?" என்பான். ராஜாவும் ராணியும் கையில் ஏற ஏற அவன் நெஞ்சில் கருணை சுரக்கும். கேட்கப்பட்டவர்கள், "தேவலப்பா, ஒம் புண்ணியம்" என்று பதில் சொல்லிவிட்டுச் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பார்கள்.

"கோவிந்தப்பன் நலம் விசாரிச்சாம்னா சீட்டக் கீழ போட்டுரு. இதுதாம்ல முதல் பாடம்" என்று புதிதாக ஆட வருகிறவர்களுக்கெல்லாம் செல்வம் சொல்லிவைத்திருந்தான். செல்வம் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். வந்து எட்டு வருஷமாகியும் ஊர்ப்பேச்சை விடவில்லை.

ஆட்டம் நடப்பது கம்பெனி பஸ்ஸில். கிருஷ்ணகிரியில் புறப்பட்டு, சூளகிரியில் ஆள் ஏற்றிக்கொண்டு, ஓசூர் சிப்காட்டுக்கு இரண்டாம் ஷிஃப்ட் ஆட்களைக் கொண்டுபோகும் பஸ். பின்னால் எதிரெதிராகப் போட்ட இருக்கைகளில் நாலு பேர் உட்கார்ந்து, முழங்கால்களின் மேல் ஒரு பிளைவுட் துண்டை வைத்தால் அதுதான் மேஜை. கோவிந்தப்பன் சூளகிரியில் ஏறியதும் ஆட்டம் தொடங்கும். சானமாவு காடு முடிந்தால் ஆட்டமும் முடிந்தது.

ஆடுவது மூணு சீட்டு. ஆளுக்கு மூன்று சீட்டு, மாற்றிக்கொள்ள வழியில்லை. மூன்றும் ஒரே மாதிரி வந்தால் அது செட்டு, அதை அடிக்க ஒன்றுமில்லை. அதற்குக் கீழே வரிசை, அதற்கும் கீழே ஒரே ஜாதி, அப்புறம் ஜோடி. ஒன்றுமே இல்லாதவன் முகத்தை வைத்துத்தான் பிழைக்கவேண்டும். கோவிந்தப்பனுக்கு அந்தப் பிழைப்பும் இல்லை.

பணம் வைத்து ஆடினால் டிரைவர் மேலே எழுதிப்போட்டுவிடுவார் என்பதால் அவர்கள் தீக்குச்சி வைத்து ஆடினார்கள். ஒரு குச்சி ஒரு ஷிஃப்ட். திங்கட்கிழமை ஆளுக்கு ஆறு குச்சி. சனிக்கிழமை ஆட்டம் முடியும்போது ஒருவனிடம் ஆறுக்கு மேல் எத்தனை குச்சி இருக்கிறதோ, அடுத்த வாரம் அத்தனை நாள் தோற்றவர்கள் அவனோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளவேண்டும். டைம் ஆபீஸுக்கு மெஷினுக்கு ஆள் இருந்தால் போதும். யாருடைய ஆள் என்று அவர்கள் கேட்பதில்லை.

மற்ற மூன்று பேருக்கும் ஒரு வாரம் முதல் ஷிஃப்ட், ஒரு வாரம் இரண்டாம் ஷிஃப்ட் என்று மாறி மாறி வரும். கோவிந்தப்பன் சித்திரையில்தான் நிரந்தரமானான். நிரந்தரமான புதிதில் ஆறு மாசம் இரண்டாம் ஷிஃப்ட்டிலேயே கிடக்கவேண்டும் என்பது அந்தக் கம்பெனி வழக்கம். அவனோ, நிரந்தரமான கையோடு வைகாசியில் கல்யாணமும் செய்துகொண்டான். அங்கேதான் வந்தது வினை.

அவன் மனைவி காவேரிக்கும் ஓசூரில்தான் வேலை, வேறொரு கம்பெனியில். பெண்களை இரவில் வேலைக்கு வைக்கக் கூடாது என்பதால் அவளுக்கு எப்போதும் காலை ஷிஃப்ட். நாலு மணிக்கு எழுந்து, ஐந்துக்குப் பஸ் ஏறி, மத்தியானம் மூணு மணி வாக்கில் சூளகிரி வீட்டுக்குத் திரும்புவாள். அதற்குள் இவன் போயிருப்பான். இவன் திரும்பும்போது அவள் அசந்து தூங்கிக்கொண்டிருப்பாள். தட்டு மூடிய சோறும், சோற்றுக்குப் பக்கத்தில் "ரசம் உறியில்" என்று எழுதிய துண்டுக் காகிதமும்தான் இவர்கள் இல்லறம். மீதியிருந்த ஞாயிற்றுக்கிழமைகளையும் சொந்தக்காரர்கள் விருந்துக்குக் கூப்பிட்டே தின்றுவிட்டார்கள்.

ஆனால் இருவரும் தினமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். கோபசந்திரம் மேட்டில் அவள் பஸ்ஸும் அவன் பஸ்ஸும் எதிரெதிரே தாண்டும். அதற்காகவே கோவிந்தப்பன் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருவான். கையில் என்ன சீட்டு இருந்தாலும் சரி, "ஒரு நிமிசம்" என்று கழுத்தை வெளியே நீட்டுவான். அந்தப் பக்கத்தில் ஒரு கை ஆடும். அவ்வளவுதான். டிரைவர் அந்த இடத்தில் மட்டும் எதற்கு இரண்டு தடவை ஆரன் அடிக்கிறார் என்று கோவிந்தப்பன் யோசித்ததே இல்லை. தன் சங்கதி யாருக்கும் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

இப்போது ஆனி முடியப்போகிறது. ஆடி பிறந்தால் புதுப்பெண் தாய்வீட்டுக்குப் போகவேண்டும். காவேரியின் அம்மா கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து இரண்டு தடவை ஆள் விட்டுவிட்டாள். அடுத்த வாரம் கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஆடி ஒன்று. மிச்சம் இருப்பது ஒரே ஒரு வாரம். அந்த ஒரு வாரம், திங்கள் முதல் சனி வரை ஆறு நாள், அவனுக்கு முதல் ஷிஃப்ட் கிடைத்தால் ஆறு சாயங்காலம் அவளோடு இருக்கலாம். கையில் பன்னிரண்டு குச்சி வேண்டும்.

கேட்டால் கொடுத்திருப்பார்கள். கிரைண்டிங்கில் வேலை பார்க்கும் கௌஸ் மொய்தீன் கேன்டீனில் தாமாகவே சொன்னார்: "அடுத்த வாரம் நான் ரெண்டாம் ஷிஃப்ட் வந்துர்றேன். நீ காலைல போ. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"வேணாம் பாய். எனக்கு என்னாத்துக்கு முதல் ஷிஃப்ட்?" என்றான் கோவிந்தப்பன், காது சிவக்க.

அவனுக்குப் பயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஃபிட்டர் கல்யாணமான புதிதில் ஷிஃப்ட் மாற்றித் தரச்சொல்லிக் கேட்டு, 'வூட்டு ஷிஃப்ட்' என்று பேர் வாங்கிக்கொண்டான். இப்போது அவனுக்குப் பிள்ளை பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டது, பேர் மட்டும் போகவில்லை. சம்பளம் வாங்குகிற வரிசையில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆட்டத்தில் ஜெயித்து வாங்கினால் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது கோவிந்தப்பன் போட்ட கணக்கு.

கணக்கெல்லாம் சரி, ஜெயிப்பதற்குத்தான் வழியைக் காணோம். திங்கட்கிழமை அவனுக்கு ராஜா ஜோடி வந்தது. நல்ல சீட்டு வந்தால் பதுங்கவேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பதுங்கினான். ஒவ்வொரு குச்சியாக வைத்து எல்லோரையும் உள்ளே விட்டான். கடைசியில் நாலாவது ஆளான திம்மராயன் நாலு, அஞ்சு, ஆறு என்று வரிசையைக் காட்டி வாரிக்கொண்டு போனான். புதன்கிழமை அவனுக்கே ராணி, ராஜா, ஆஸ் என்று பெரிய வரிசை வந்தது. இந்த முறை பதுங்கக்கூடாது என்று எடுத்த எடுப்பில் இரண்டு குச்சியை வைத்து, கூடவே, "திம்மராயா, மாமனார் எப்பிடி இருக்காரு?" என்று கேட்டுவிட்டான். மூன்று பேரும் சீட்டைக் கவிழ்த்தார்கள்.

கௌஸ் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், ஜோடி வந்தா கூட்டத்தக் கலைக்கணும். எத்தினி பேரு உள்ள இருக்கானோ அத்தினி ஆபத்து. பெரிய சீட்டு வந்தா கூட்டத்தச் சேக்கணும். நீ ஜோடிக்குப் பந்தல் போட்டு ஊரக் கூட்டற. பெரிய சீட்டு வந்தா நாய வெரட்டறாப்பல வெரட்டற."

"அவன் எங்க வெரட்டுதான்? சொகம் விசாரிக்கான். நாமதான் ஓடுதோம்" என்றான் செல்வம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்தபோது ரசக் காகிதத்துக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: "நல்ல சீட்டு வந்தால் உங்கள் சூப்பர்வைசரை நினைத்துக்கொள்ளவும். முகம் சரியாகிவிடும்." போன ஞாயிற்றுக்கிழமை, விருந்துக்குக் கிளம்புவதற்கு முன், அவள் அவனைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்துப் பழக்கிப் பார்த்திருந்தாள். அவள் ஒரு சீட்டைத் தான் பார்க்காமல் எடுத்துக் கொடுப்பாள். அவன் பார்ப்பான். அது ரெண்டா ராஜாவா என்று பின்னால் நின்றே அவள் சொல்லிவிடுவாள்.

"காத பாத்தே சொல்றியா?" என்றான் அவன்.

"காது, கழுத்து, முதுகு. எல்லாம்தான் பேசுது. வாய்தான் பாக்கி" என்றாள் காவேரி.

சனிக்கிழமை பஸ் ஏறும்போது கோவிந்தப்பன் கையில் ஐந்து குச்சிதான் இருந்தது. முதல் இரண்டு ஆட்டத்தில் சீட்டு மோசம், ஆட்டத்துக்கு ஒன்றாகப் பொதுவில் போட்ட குச்சியோடு ஒதுங்கிக்கொண்டான்; மிச்சம் மூன்று. மூன்றாவது ஆட்டத்துக்குச் சீட்டைப் போட்டவன் திம்மராயன். வேப்பனப்பள்ளிக்காரன், சொந்தமாக மாந்தோப்பு உள்ளவன், மாங்காய்க் காலத்தில் பாதி மனசு தோப்பிலேயே இருக்கும். ஆளுக்கு ஒரு குச்சி நடுவில் விழுந்தது.

கோவிந்தப்பன் சீட்டை நெஞ்சோடு அணைத்து ஒவ்வொன்றாக விரித்தான். இஸ்பேட்டு ஆஸ். அடுத்தது டைமன் ஆஸ். இரண்டே ஆஸாக இருந்தாலும் நல்ல ஜோடிதான், கூட்டத்தைக் கலைக்கவேண்டும், கையிலோ இரண்டு குச்சிதான், எதை வைத்துக் கலைப்பது என்று யோசித்துக்கொண்டே மூன்றாவதை நகர்த்தினான்.

ஆட்டின் ஆஸ்.

மூன்று ஆஸ். ஐந்து வருஷமாக ஆடுகிற கௌஸ் பாய்க்குக்கூட ஒரே ஒரு தடவைதான் வந்ததாம். ஆனால் சந்தோஷப்பட நேரமில்லை. கணக்கு உடனே கண் முன்னால் நின்றது. அவனிடம் மீதி இரண்டு குச்சி. நாலு பேரும் இன்னும் இரண்டு சுற்று வைத்தால்தான் நடுவில் பன்னிரண்டு சேரும். ஒருவன் ஒதுங்கினாலும் பன்னிரண்டு வராது. ஒரு சாயங்காலமோ இரண்டு சாயங்காலமோ போய்விடும். மூன்று பேரும் ஒதுங்கினால், மூன்று ஆஸை வைத்துக்கொண்டு மூன்று குச்சி சம்பாதித்த முட்டாள் என்று அவன் பேரும் சம்பள வரிசையில் நிலைத்துவிடும்.

சூப்பர்வைசரை நினைத்தான். சூப்பர்வைசரின் சொட்டைத் தலையை நினைத்தான். பாவம், அவருக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்னார்களே, இப்போது எப்படி இருக்கிறாரோ என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டான். என்ன ஆனாலும் இன்றைக்கு யாரையும் எதுவும் கேட்பதில்லை.

"என்னடா, சத்தத்தையே காணோம்?" என்றார் கௌஸ்.

"ஒண்ணுமில்ல பாய்."

"வைக்கிறியா, ஒதுங்கறியா?"

கோவிந்தப்பன் ஒரு குச்சியை மெதுவாக நகர்த்தினான். பேச்சு வரவில்லை. தப்பித்தோம் என்று அவன் மூச்சு விட்டான். விட்ட மூச்சோடு வாயும் திறந்துகொண்டது. "உங்க பொண்ணு ஃபரீதாவுக்கு ரிசல்ட்டு வந்திருச்சா பாய்? நல்லாப் படிக்கிற புள்ளயாச்சே!"

முன் இருக்கையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது கோவிந்தப்பனுக்கு. போச்சு, ஆறு சாயங்காலமும் போச்சு. மூன்று பேரின் கைகளையும் பார்த்தான். கவிழப்போகும் சீட்டுகளுக்காகக் காத்திருந்தான்.

"பாஸ் பண்ணிட்டா. நானூத்திப் பன்னெண்டு" என்றார் கௌஸ். ஒரு குச்சியை எடுத்து நடுவில் வைத்தார்.

செல்வம் தாடையைச் சொறிந்தான். "இவன் நம்மள ஏய்க்கப் பாக்கான் பாய். நாம ஓடிருவோம்னு தெரிஞ்சே கேக்கான். எங்கிட்டயேவா?" அவனும் வைத்தான்.

"ஆமாமா, சும்மா மெரட்டறான்" என்று திம்மராயனும் வைத்தான். "எங்கூட்டுல யாரயும் கேக்கலயே? எங்க தோப்புல காத்தடிச்சுப் பாதி காய் கொட்டிப்போச்சு. அதயாச்சும் கேளேண்டா."

கோவிந்தப்பனுக்கு நம்பமுடியவில்லை. பழி பாவத்துக்கு அஞ்சாத இந்த வாய், கடைசியில் நன்மை செய்துவிட்டதே! இத்தனை நாள் நலம் விசாரித்ததெல்லாம் இன்றைக்கு இவர்களைக் குழப்பத்தான் போலிருக்கிறது. தன்னையறியாமல் தான் ஒரு பெரிய ஆட்டக்காரனாகிவிட்டதாக அவனுக்கு ஒரு மிதப்பு வந்தது.

அப்போது டிரைவர் இரண்டு தடவை ஆரன் அடித்தார். கோபசந்திரம் மேடு.

கோவிந்தப்பன் சீட்டை நெஞ்சில் அழுத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். எதிரில் வந்த பஸ்ஸின் நாலாவது ஜன்னலில் காவேரி. அவன் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டான். அவளோ பார்த்த மாத்திரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கண்ணை உருட்டி, 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று கையால் விரட்டினாள். பஸ் தாண்டிவிட்டது.

அவன் திரும்பியபோது மூன்று பேரும் தங்கள் சீட்டுகளை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வத்தின் மீசை மட்டும் லேசாகத் துடித்தது.

"உன் ஆட்டம்" என்றார் கௌஸ்.

கோவிந்தப்பன் கடைசிக் குச்சியை வைத்தான். செல்வம் வைத்தான். திம்மராயன் வானத்தைப் பார்த்து, "தேவுடா" என்று பெருமூச்சு விட்டு வைத்தான். கௌஸ் மட்டும் குச்சியை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தார். பஸ் சானமாவு காட்டுக்குள் நுழைந்தது. இந்த மனிதர் ஒருநாளும் வெறும் கையோடு வைக்கமாட்டார், இதற்கு மேல் இவரிடம் என்ன இருக்கிறது, வைப்பாரா மாட்டாரா என்று கோவிந்தப்பன் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னமோடா, எனக்கு உன்ன நம்பிக்க இல்ல" என்று சொல்லிக் கௌஸ் வைத்தார். "குச்சி தீந்துபோச்சு. காட்டு."

மூன்று ஆஸும் பிளைவுட்டின் மேல் விரிந்தன.

"அடப்பாவி!" என்று கத்தினான் செல்வம். "எமகாதகன்லா நீ! இத வச்சுக்கிட்டாடா அப்படி உக்காந்திருந்த?" தன் சீட்டைக் கவிழ்த்துத் தூக்கி எறிந்தான். திம்மராயன் நெற்றியில் அறைந்துகொண்டான். கௌஸ், "மோசம் போனேன்" என்று தாடியைத் தடவினார். மூவரும் போட்ட கூச்சலில் முன் இருக்கைக்காரர்கள் எழுந்து வந்து ஆஸ்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட்டுக்கு யார் எந்த நாள் வருவது என்று அவர்கள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

சீட்டைப் பொறுக்கி அடுக்குவது, இருப்பதில் சின்னவன் என்பதால், எப்போதும் கோவிந்தப்பன் வேலை. தன் மூன்று ஆஸையும் முதலில் எடுத்தான். பக்கத்தில் கிடந்த செல்வத்தின் சீட்டை நிமிர்த்தினான். மூணு, ஏழு, எட்டு. மூன்றும் மூன்று ஜாதி. சரி, முரட்டுத்தனமாக ஆடுகிறவன்தான். திம்மராயனுடையதை நிமிர்த்தினான். ரெண்டு, ஆறு, பத்து. கௌஸ் முன்னால் கிடந்ததைப் புரட்டும்போது அவன் விரல் தயங்கியது. ரெண்டு, நாலு, ஒன்பது. ஒரு ஜோடிகூட இல்லை.

கையில் ஒன்றுமில்லாமல் கௌஸ் பாய் மூன்று குச்சி வைத்தாரா? ஜோடி இருந்தாலே நாலு தடவை யோசிக்கிற மனிதர்!

கோவிந்தப்பன் முட்டாளில்லை. கொஞ்சம் நிதானமானவன், அவ்வளவுதான். ஃபரீதாவின் ரிசல்ட், செல்வத்தின் மீசை, டிரைவர் அடித்த ஆரன், தோப்பைக் கேட்கச் சொன்ன திம்மராயன், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவன் முன்னால் உட்கார்ந்தன. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. 'எனக்கு இனாம் வேண்டாம்' என்று குச்சிகளைத் திருப்பி எறிந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். எறிந்தால் இவர்கள் முகம் என்ன ஆகும் என்று பார்த்தான். செல்வம் இன்னும் தன் நஷ்டத்தைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தான், அதுவும் எவ்வளவு சந்தோஷமாக! அவனுக்குக் கண் கலங்கிவிடும் போல இருந்தது. இந்த மூன்று பேரையும் அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சீட்டுகளை அவசரமாக ஒன்றோடொன்று கலந்தான். யாருடையது எது என்று தெரியாதபடி நாலு தடவை கலைத்தான். நிமிர்ந்தபோது கௌஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீட்டெல்லாம் சரியா இருக்காடா?"

"அம்பத்திரண்டும் இருக்கு பாய்" என்றான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். குரலில் எத்தனை பீற்றல் சேர்க்கமுடியுமோ அத்தனையும் சேர்த்தான். "பாத்தீங்களா பாய் ஆட்டத்த? ரிசல்ட்ட கேட்டு எப்பிடி உங்கள ஏமாத்திட்டேன்? மூணு ஆஸு கையில இருக்குது, ஒருத்தருக்காச்சும் சந்தேகம் வந்திச்சா? சொல்லுங்க, எம் மூஞ்சில ஏதாச்சும் தெரிஞ்சிதா?"

கௌஸ் மொய்தீன் அவன் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"இல்லடா. ஒண்ணுமே தெரியல" என்றார்.

காடு முடிந்து பேரண்டப்பள்ளி வந்துவிட்டது. கோவிந்தப்பன் பன்னிரண்டு குச்சிகளையும் தீப்பெட்டியில் அடுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அந்த மூன்று கையிலும் என்ன சீட்டு இருந்தது என்பதை அவன் காவேரியிடம் சொன்னதே ஆடி கழிந்த பிறகுதான்.